ஸ்மீட்டன் கோபுரம்: கடலிலிருந்து கரைக்கு வந்த கலங்கரை விளக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பிளிமத் நகரில், கடலைப் பார்த்த ஹோ என்ற புல்மேட்டின் மேல் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் கட்டியது அது. ஆனால் கட்டப்பட்டது அந்த இடத்தில் இல்லை. நடுக்கடலில் எடிஸ்டோன் என்ற பாறையில் 122 ஆண்டுகள் எரிந்த பிறகு, கல் கல்லாகக் கழற்றப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது. கட்டடக்கலையிலும் கடல் வரலாற்றிலும் ஆர்வம் உள்ளவர்கள் இந்தக் கோபுரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

எடிஸ்டோன் பாறையில் அப்படி என்ன ஆபத்து?

கரையிலிருந்து ஒன்பது மைல் தள்ளி, கார்ன்வால் பகுதியின் ரேம் முனைக்குத் தெற்கே, கடலுக்குள் ஒரு பாறைக் கூட்டம் இருக்கிறது. கடல் ஏறும் நேரத்தில் அதன் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடும். பிளிமத் பெரிய துறைமுகம், கடற்படைத் தளமும்கூட. அங்கே வரும் கப்பல்களின் பாதையில்தான் இந்தப் பாறைகள் கிடக்கின்றன. ராத்திரியில், மூடுபனியில், கண்ணுக்குத் தெரியாத பாறையை எப்படித் தவிர்ப்பது? மாலுமிகள் பயந்து ஒரேயடியாகத் தெற்கே ஒதுங்கிப் போவார்கள். அப்படிப் போய் பிரெஞ்சுக் கரையிலும் சேனல் தீவுகளிலும் மோதி உடைந்த கப்பல்களும் உண்டு. ஆக, பாறையில் மோதியவர்களை மட்டுமல்ல, பாறைக்குப் பயந்து விலகியவர்களையும் அது கொன்றது.

அங்கே முதலில் விளக்கம் கட்டியவர் ஸ்மீட்டன்தானா?

இல்லை. அவர் கட்டியது மூன்றாவது. அவருக்கு முன்னால் இரண்டு பேர் கட்டி, இரண்டும் அழிந்தன. அந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் ஸ்மீட்டன் செய்ததன் அருமை புரியாது.

முதலாமவர் ஹென்றி வின்ஸ்டன்லி. பொறியாளர் அல்ல, செப்புத் தகட்டில் படம் செதுக்குபவர், வேடிக்கைக் கருவிகள் செய்து காட்சி வைப்பவர். கப்பல்களில் பணம் போட்டிருந்தார். அவற்றில் இரண்டு எடிஸ்டோனில் மோதிப் போயின. நானே அங்கே விளக்கம் கட்டுகிறேன் என்று 1696இல் இறங்கினார். அலை ஓயும் சில மணி நேரம் மட்டுமே பாறை மேல் நிற்க முடியும் என்ற நிலையில் வேலை நடந்தது. 1697இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல் ஒன்று அவரைப் பாறையிலிருந்தே பிடித்துக்கொண்டு போனது. பதினான்காம் லூயி மன்னர் அவரை விடுவித்து அனுப்பினார். தமக்குப் போர் இங்கிலாந்தோடுதான், மனித குலத்தோடு அல்ல என்று மன்னர் சொன்னதாக வரலாறு.

1698 நவம்பர் 14 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. திறந்த கடலில், தனிப் பாறையில் விளக்கு எரிய முடியும் என்று காட்டிய முன்னோடி முயற்சி அது. முதல் குளிர்காலத்திலேயே கோபுரம் அடிபட்டதால் அடுத்த ஆண்டு இன்னும் பெரிதாக, இன்னும் அலங்காரமாகத் திருத்திக் கட்டினார். அது எரிந்த ஐந்து ஆண்டுகளில் எடிஸ்டோனில் ஒரு கப்பலும் உடையவில்லை.

தம் கோபுரத்தின் மேல் வின்ஸ்டன்லிக்கு அத்தனை நம்பிக்கை. வரலாற்றிலேயே பெரிய புயல் அடிக்கும்போது அதற்குள் இருக்க ஆசை என்று சொல்லி வந்தார். 1703 நவம்பர் 26ஆம் நாள் இரவு, இங்கிலாந்து கண்ட மிகக் கொடிய புயல் ஒன்று வீசியது. பழுது பார்ப்பதற்காக அன்று அவர் கோபுரத்தில்தான் இருந்தார். காலையில் பாறை மேல் கோபுரமும் இல்லை, உள்ளே இருந்தவர்களும் இல்லை. சீக்கிரமே விஞ்செல்சி என்ற கப்பல், வர்ஜீனியாவிலிருந்து புகையிலை ஏற்றி வந்தது, அதே பாறையில் மோதி உடைந்தது. விளக்கு இருந்ததன் அர்த்தம் அது இல்லாமல் போனபோது எல்லோருக்கும் விளங்கியது.

இரண்டாவது விளக்கம் எப்படி அழிந்தது?

நெருப்பில். ஜான் ரட்யர்ட் என்ற பட்டு வியாபாரி வடிவமைத்தது அது. வின்ஸ்டன்லியின் அலங்காரங்களை எல்லாம் விட்டுவிட்டு, வழுவழுப்பான கூம்பு வடிவில், மரத்தால் கட்டினார். நிலைத்து நிற்க நடுவில் கல்லும் காரையும். 1709இல் முடிந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் அலையைத் தாங்கியது. மரம் என்பதால் தப்பான கணக்கு என்று சொல்லிவிட முடியாது. கப்பல் கட்டும் முறையில் கட்டிய நல்ல வேலை அது.

1755 டிசம்பர் 2 அன்று விளக்கறையின் கூரையில் தீப்பிடித்தது. காவலர்கள் தலைக்கு மேலே எரியும் நெருப்பை நோக்கி வாளியால் தண்ணீர் வீசினார்கள். ஹென்றி ஹால் என்ற காவலருக்கு அப்போது 94 வயது என்கிறார்கள். அண்ணாந்து பார்த்த அவர் வாய்க்குள் கூரையிலிருந்து உருகிய ஈயம் விழுந்தது. எல்லோரையும் படகில் மீட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஈயத்தை விழுங்கிவிட்டேன் என்று அந்த முதியவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அவர் இறந்தபின் மருத்துவர் உடலை அறுத்துப் பார்த்தார். வயிற்றில் ஏறக்குறைய 200 கிராம் எடையுள்ள ஈயக் கட்டி. அது இன்றும் ஸ்காட்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலங்கரை விளக்கத்தின் வரலாறு என்றால் பலரும் வடிவமைத்தவர்களின் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். ஹாலின் பெயரையும் அதே வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஸ்மீட்டன் அப்படி என்ன புதிதாகச் செய்தார்?

ஜான் ஸ்மீட்டன் 1724இல் லீட்ஸ் நகருக்கு அருகே பிறந்தவர். அளவுக் கருவிகள் செய்யும் தொழிலில் தொடங்கி, நீர்ச்சக்கரம், காற்றாலை பற்றிய சோதனைகளால் பெயர் பெற்றவர். படைக்காக இல்லாமல் மக்களுக்காகக் கட்டுகிற பொறியாளர் என்று தம்மைத் தாமே அறிவித்துக்கொண்ட முதல் மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். எடிஸ்டோனுக்கு யாரை அனுப்பலாம் என்று ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் தலைவரைக் கேட்டபோது அவர் காட்டிய ஆள் ஸ்மீட்டன். அதுவரை அவர் ஒரு கலங்கரை விளக்கமும் கட்டியதில்லை.

முதல் முடிவு: முழுக்கக் கல்லில் கட்டுவது. மரத்துக்கு எடை கிடையாது, அலை தள்ளும். கல்லுக்கு எடை உண்டு, நெருப்புக்கும் அஞ்ச வேண்டாம்.

அடுத்தது வடிவம். ஓக் மரத்தின் அடிமரத்தைப் பார்த்து வடிவம் எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். தரையோடு சேரும் இடத்தில் அகன்று, உள்வளைவாகக் குறுகி, மேலே நேராகப் போகும் உருவம். அடியில் 26 அடி விட்டம், மேலே 17 அடி. எடை கீழே இறங்கி நிற்பதால் கவிழ்ப்பது கடினம். கீழ்ப்பகுதியில் அறையே கிடையாது, முழுக்கக் கல்தான். அதற்குப் பிறகு உலகில் கட்டப்பட்ட கடல் நடுவிளக்கங்கள் பலவற்றில் இந்த வடிவத்தின் சாயலைப் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது: கற்களைப் பூட்டிய விதம். தச்சர்கள் பெட்டியின் மூலையில் ஒரு பலகையின் விரிந்த பல்லை இன்னொன்றின் பள்ளத்தில் செருகுவார்கள் இல்லையா, இழுத்தாலும் வராதபடி? அதே முறையில் ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு கோத்தார். ஒரு வரிசையின் எல்லாக் கற்களும் சேர்ந்து ஒரே கல் ஆகிவிடும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே நழுவாமல் இருக்கப் பளிங்குக் கல்லில் முளைகள் வைத்தார். காரை இறுகும் வரை அலை வந்து கல்லைத் தூக்கிவிடக் கூடாது என்று ஓக் மர ஆணிகளும் அடித்தார். அடிவரிசைகளைப் பாறையோடும் இதேபோல் பூட்டினார். அதற்காகப் பாறையையே படிப்படியாக வெட்டிப் பள்ளம் எடுத்தார்கள். வெளியே கார்ன்வால் கருங்கல், உள்ளே போர்ட்லண்ட் தீவின் சுண்ணக்கல். கருங்கல் அலையைத் தாங்கும், சுண்ணக்கல் செதுக்குவதற்கு எளிது. விலை, உழைப்பு, உறுதி மூன்றையும் யோசித்துச் செய்த பங்கீடு.

மேல் அறைகளின் தளங்கள் வளைவாகக் கட்டப்பட்டவை. வளைவு எப்போதும் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். அதைப் பிடித்து நிறுத்த, சுவரில் வட்டமாகப் பள்ளம் வெட்டி இரும்புச் சங்கிலியைப் பதித்து ஈயம் காய்ச்சி ஊற்றினார்.

சிமென்டின் வரலாறு இந்தக் கோபுரத்தில் தொடங்குகிறது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. சாதாரணச் சுண்ணாம்புக் காரை இறுகக் காற்று வேண்டும். தண்ணீருக்குள் அது இறுகாது, கரைந்து போகும். அலை ஓயும் சில மணி நேரத்தில் கல் வைத்து, அடுத்த அலைக்குள் தாக்குப்பிடிக்க வேண்டிய இடத்தில் அது எப்படிப் போதும்?

ஸ்மீட்டன் பல ஊர்களின் சுண்ணாம்புக் கற்களை வரவழைத்து, சுட்டு, குழைத்து, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். சில மட்டும் தண்ணீருக்குள்ளேயே கெட்டியாயின. நல்ல சுண்ணாம்பு என்றால் வெள்ளையான, சுத்தமான, கடினமான கல்லிலிருந்துதான் வரும் என்பது அக்காலத்துத் தொழிலாளர் நம்பிக்கை. அவர் அந்தக் கற்களை அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். தண்ணீரில் இறுகும் கல்லில் எல்லாம் கரையாமல் களிமண் மிச்சமாக நின்றது. மாசு என்று ஒதுக்கியதுதான் வேலை செய்தது! களிமண் கலந்த அந்தச் சுண்ணாம்போடு இத்தாலியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பலைச் சேர்த்துக் கோபுரத்துக்கான காரையைத் தயாரித்தார்.

சிமென்ட் என்று நாம் சொல்வது இது அல்ல. ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். ஆனால் சுண்ணாம்பையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட வேண்டும் என்ற அடிப்படை அறிவுக்கு ஸ்மீட்டனின் சோதனைகள்தான் வழி திறந்தன. அந்தச் சோதனைகளை மறைத்து வைத்துக்கொள்ளாமல், கோபுரம் கட்டிய கதையோடு சேர்த்து 1791இல் பெரிய நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு இறந்துபோனார்.

கடலுக்கு நடுவில் வேலை எப்படி நடந்தது?

1756இல் பாறையை வெட்டத் தொடங்கினார்கள். முதல் கல்லை வைத்தது 1757 ஜூன் 12 அன்று. குளிர்காலத்தில் கடலுக்குப் போக முடியாது. அந்த மாதங்களில் பிளிமத்தின் மில்பே கரையில் கல் செதுக்கும் வேலை. ஒவ்வொரு வரிசையையும் கரையிலேயே முழுசாக அடுக்கிப் பொருத்திப் பார்த்து, அடையாளம் இட்டு, அதன் பிறகுதான் படகில் ஏற்றினார்கள். பாறை மேல் போய் உளி எடுத்துத் திருத்த நேரமே கிடையாது. பாறைக்கு அருகே நங்கூரம் போட்ட கப்பல் ஒன்றில் ஆட்கள் தங்கினார்கள்.

ஒரு சுவையான செய்தி. அந்தக் காலத்தில் துறைமுக ஊர்களில் கடற்படைக்கு ஆள் பிடிக்கும் கும்பல் சுற்றும். உடல் வலுவான ஆண்களைக் கட்டாயமாக இழுத்துப் போய்விடுவார்கள். எடிஸ்டோன் தொழிலாளர்களைத் தொடக்கூடாது என்று ஏற்பாடு செய்து, அடையாளத்துக்காக ஒவ்வொருவருக்கும் ஒரு பதக்கம் அடித்துக் கொடுத்தார்கள்.

புயல் அடித்த மறுநாள் காலையில் ஸ்மீட்டன் ஹோ மேட்டில் ஏறித் தொலைநோக்கியால் தம் கோபுரம் இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பார் என்று சொல்வார்கள். அந்த மேட்டுக்கே கோபுரம் வந்து சேரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

கோபுரத்தில் ஏதோ எழுதியிருக்கிறதாமே?

ஆமாம். மேல் சேமிப்பறையின் சுவரைச் சுற்றி விவிலியத்தின் 127ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வரி: “கர்த்தர் வீட்டைக் கட்டாராகில், அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா.” உச்சியில் கடைசிக் கல்லில் 1759 ஆகஸ்ட் 24 என்ற தேதியும், இறைவனுக்குப் புகழ் என்று பொருள்படும் லத்தீன் சொற்களும்.

வெறும் 24 மெழுகுவர்த்திதானா எரிந்தது?

அவ்வளவுதான். 1759 அக்டோபர் 16 அன்று ஏற்றப்பட்டது விலங்குக் கொழுப்பில் செய்த 24 மெழுகுவர்த்திகள், இரண்டு வளையங்களில். திரி கருகித் தலை நீண்டால் வெளிச்சம் மங்கிவிடும். ஆகவே ராத்திரி முழுக்க ஒருவர் கூடவே நின்று திரியைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெளிந்த இரவில் கப்பலுக்கு எச்சரிக்கை கொடுக்க அது போதுமானதாக இருந்தது, மோசமான வானிலையில் போதவில்லை. 1810இல் எண்ணெய் விளக்கும் அதன் பின்னால் ஒளியைத் திருப்பும் குழிவான தகடுகளும் வந்தன. 1845இல் ஃபிரெனெல் வில்லை பொருத்தப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் அகஸ்டின் ஃபிரெனெல் கண்டுபிடித்த இந்தக் கண்ணாடி அமைப்பு, எல்லாப் பக்கமும் சிதறும் ஒளியை மடக்கிக் கடல் மட்டத்தை நோக்கிப் பட்டையாக அனுப்பும். கோபுரத்தின் கல் ஒன்றும் மாறவில்லை. உச்சியில் இருந்த விளக்கு மட்டும் மூன்று தலைமுறைத் தொழில்நுட்பத்தைக் கண்டது.

உறுதியாக நின்ற கோபுரத்தை ஏன் கழற்றினார்கள்?

கோபுரத்தில் குறை இல்லை, அதைத் தாங்கிய பாறையில்தான் குறை. நூறு ஆண்டுக்கு மேல் அலை குடைந்து குடைந்து, அடித்தளத்துக்குப் பக்கத்தில் பாறையின் கீழ்ப்பகுதி அரித்துப் போயிருந்தது. பெரிய அலை மோதும்போதெல்லாம் கோபுரம் பக்கவாட்டில் ஆடியது. உயரமான கோபுரத்தின் மேல் அலை அடிக்கும்போது அந்த விசை முழுதும் நெம்புகோல் போல அடிப்பாறையில் இறங்கும். கோபுரம் உடையாமல் இருந்தாலும் அதோடு பாறை பெயர்ந்துவிட்டால் என்ன செய்வது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸ்மீட்டனின் அந்த அழகான உள்வளைவு, அலையை மேலே ஏற்றிவிடும். புயல் நேரத்தில் தண்ணீர் விளக்கறைக்கும் மேலே எழும்பி ஒளியை மறைத்தது.

கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்பு புதிதாகக் கட்ட முடிவு செய்தது. அதன் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் டக்ளஸ், சுமார் 120 அடி தள்ளி உறுதியான வேறு பாறையைத் தேர்ந்தெடுத்தார். 1879 ஆகஸ்ட் 19 அன்று அடிக்கல், 1882 மே 18 அன்று விளக்கேற்றம், செலவு 59,255 பவுண்டு. உயரம் 49 மீட்டர். ஸ்மீட்டனுடையது விளக்கறையோடு சேர்த்து 72 அடிதான், சுமார் 22 மீட்டர், அதாவது பாதிக்கும் குறைவு. அடியில் நேரான உருளை வடிவ மேடை வைத்து, அலை ஏறாமல் அங்கேயே உடையும்படி செய்தார் டக்ளஸ். கற்களைப் பக்கவாட்டில் மட்டுமல்லாமல் மேலும் கீழுமாகவும் பூட்டினார். ஸ்மீட்டனிடம் கற்றவர், ஸ்மீட்டனைத் திருத்தியும் கட்டினார். மரியாதைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இடித்துத் தள்ளாமல் கரைக்குக் கொண்டுவரும் யோசனை எப்படி வந்தது?

பிளிமத் மக்கள் விடவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு அது வீட்டுக்கு வழிகாட்டிய வெளிச்சம். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். ஹோ மேட்டில் டிரினிட்டி ஹவுஸின் பழைய கடல் அடையாளத் தூண் ஒன்று இருந்தது. அந்த இடம் இதற்குக் கிடைத்தது. கடலிலிருந்து மேல்பகுதிக் கற்களைக் கழற்றி, படகில் கரை சேர்த்து, புதிதாகக் கட்டிய கருங்கல் அடிப்பகுதியின் மேல் பழைய வரிசைப்படியே அடுக்கினார்கள். 1884 செப்டம்பர் 24 அன்று மக்களுக்காகத் திறந்துவிட்டார்கள்.

கழற்ற முடிந்தது என்பதையே கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் தனி வடிவம், தனி இடம். அது எங்கே போக வேண்டும் என்று கல்லின் வெட்டே சொல்லிவிடும். எப்படிக் கட்டினேன் என்று ஸ்மீட்டன் விளக்கமாக எழுதியும் வைத்திருந்தார். கட்டியவரின் ஒழுங்குதான் நூற்றிருபது ஆண்டுக்குப் பிறகு கோபுரத்தைக் காப்பாற்றியது.

அடிப்பகுதியை ஏன் அங்கேயே விட்டார்கள்?

பிரிக்க முடியவில்லை. திடமான கீழ்ப்பகுதி பாறையோடு அவ்வளவு இறுகியிருந்தது. இன்றும் டக்ளஸ் கோபுரத்துக்குப் பக்கத்தில் அந்த அடிக்கட்டை நிற்கிறது. ஸ்மீட்டனின் சுண்ணாம்பும் பூட்டும் எத்தனை காலம் தாங்கும் என்ற கேள்விக்கு நேரடிச் சாட்சி அது.

பாறை பலவீனம் என்றார்களே, அடிக்கட்டை மட்டும் எப்படி இன்னும் விழவில்லை?

மேல்பகுதி போனதும் அலை பிடித்து ஆட்டுவதற்கு உயரம் இல்லாமல் போய்விட்டது. நெம்புகோலின் நீளத்தைக் குறைத்தால் விசை குறையும். இதை வைத்து 1870களின் முடிவு தவறு என்று சிலர் வாதிடுவதுண்டு. நான் ஏற்கவில்லை. உள்ளே காவலர்கள் வாழ்ந்த, கப்பல்கள் நம்பியிருந்த விளக்கு அது. விழுந்தபின் தெரிந்துகொள்ளலாம் என்று காத்திருக்க முடியாது. வின்ஸ்டன்லியின் இரவை மறந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

இடம் மாற்றிய கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னம் என்று சொல்லலாமா?

பாதுகாப்பு வல்லுநர்கள் பொதுவாக இடமாற்றத்தைக் கடைசி வழியாகத்தான் பார்ப்பார்கள், அது சரியும்கூட. இடத்தை இழந்தால் கட்டடத்தின் பாதிப் பொருள் போய்விடும். கடலில் நின்றபோது ஸ்மீட்டன் கோபுரத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருந்தது. புல்வெளியில் அந்தக் காரணம் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் மாற்று வழி இல்லாதபோது இழப்பைவிட இடமாற்றம் மேல். கடல் அரிப்பால் இப்படி நகர்ந்த விளக்கங்கள் வேறும் உண்டு. அமெரிக்காவின் கேப் ஹட்டராஸ் விளக்கத்தை 1999இல், பிரிக்காமலே, தண்டவாளம் போன்ற பாதையில் 2,900 அடி உள்ளே தள்ளி வைத்தார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தின் பெல் டூட் விளக்கம் செங்குத்துப் பாறையின் ஓரத்திலிருந்து 17 மீட்டர் பின்னால் நகர்ந்தது. டென்மார்க்கின் ரூபியர் குனூட் 2019இல் சுமார் 70 மீட்டர். இவை மூன்றும் தம் கடற்கரையை விட்டுப் போகவில்லை, பின்வாங்கின. ஸ்மீட்டனுடையது ஊரையே மாற்றிக்கொண்டது. அதனால்தான் கடலில் நிற்கும் அடிக்கட்டையும் கரையில் நிற்கும் மேல்பகுதியும் சேர்ந்ததுதான் முழு நினைவுச்சின்னம் என்று நான் கருதுகிறேன். கரைக்கு வருகிறவர்களிடம் கடலில் உள்ள மிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இப்போது அதற்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

இங்கிலாந்தில் கட்டடங்களுக்குக் கொடுக்கும் பாதுகாப்புப் பட்டியலில் முதல் தரத்தில் இருக்கிறது. நினைத்தபடி மாற்றவோ இடிக்கவோ முடியாது. 1941இல் ஜெர்மன் விமானங்கள் பிளிமத் நகர மையத்தைத் தரைமட்டமாக்கியபோதும் தப்பித்தது.

பழைய கல் விளக்கங்களை எது கெடுக்கிறது?

அலை இல்லாத இடத்திலும் உப்புக் காற்று உண்டு. உப்பு கலந்த ஈரம் கல்லுக்குள் இறங்கி, உலரும்போது உப்பு படிகமாகி, கல்லின் மேற்தோலை உரிக்கும். இரும்பு துருப்பிடித்தால் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கல்லையே பிளக்கும். விளக்கறையின் உலோகச் சட்டங்களும் கண்ணாடி விளிம்புகளும் மழை உள்ளே நுழையும் முதல் இடம்.

மிகப் பெரிய கெடுதலைச் செய்வது பல நேரங்களில் நல்லெண்ணத்தோடு செய்த பழுது வேலைதான். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே விட்டு வெளியேயும் விடும். அதன் இடுக்குகளில் இறுக்கமான சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் கல்லுக்குள் தங்கும். கடைசியில் பூச்சு நிற்கும், கல் உதிரும். காற்றுப் புகாத வண்ணப்பூச்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. பழைய கட்டடத்துக்கு அதன் காலத்துச் சுண்ணாம்பையே கொடுக்க வேண்டும். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது சிரமம்தான். ஆனால் அந்தக் கைத்தொழிலைக் காப்பதும் பாதுகாப்பின் பகுதி என்றே நினைக்கிறேன். இன்னொன்று: விளக்கு அணைந்த கட்டடத்துக்குத் தினசரி கவனிப்பு போய்விடும். முன்பு காவலர் ஒழுகலை அன்றே பார்த்து அடைப்பார். அவர் போன பிறகு, யாராவது மேலே ஏறிப் பார்க்கும் வரை ஒழுகிக்கொண்டே இருக்கும்.

உள்ளே போகலாமா?

போகலாம், பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. விளக்கறை வரை 93 படிகள். சில இடங்களில் ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும். வட்டமான சின்ன அறைகள், சுவரோடு பொருந்தும்படி வளைவாகச் செய்த படுக்கைகள் என்று காவலர்கள் எவ்வளவு குறுகலான இடத்தில் வாழ்ந்தார்கள் என்பது ஏறும்போதே புரிந்துவிடும்.

பழைய பிரிட்டிஷ் காசில் இருப்பது இந்த விளக்கமா?

ஆம் என்றே நாணயம் சேர்ப்பவர்கள் சொல்கிறார்கள். 1860இல் வந்த வெண்கலப் பென்னியில், பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டும் பிரிட்டானியா உருவத்துக்குப் பின்னால் ஒரு விளக்கம் தெரியும். 1895இல் அதை எடுத்துவிட்டார்கள், 1937இல் திரும்ப வந்தது.

டக்ளஸ் கட்டிய விளக்கம் இப்போதும் எரிகிறதா?

எரிகிறது. பத்து நொடிக்கு ஒருமுறை இரண்டு வெள்ளை ஒளிவீச்சு. 1980இல் அதன் உச்சியில் ஹெலிகாப்டர் இறங்கும் மேடை அமைத்தார்கள். 1982 மே 18 அன்று, விளக்கேற்றி நூறு ஆண்டு நிறைந்த அதே நாளில், அது முழுக்கத் தானியங்கியாக மாறியது. அன்றிலிருந்து எடிஸ்டோனில் யாரும் தங்குவதில்லை. வானம் தெளிவாக இருந்தால் ஹோ மேட்டிலிருந்தே அந்தக் கோபுரம் தெரியும். பக்கத்தில் இருக்கும் ஸ்மீட்டனின் அடிக்கட்டையைப் பார்க்கப் படகில் கொஞ்சம் நெருங்கிப் போக வேண்டும்.